பார்த்தாச்சு

அக்டோபர் 21, திங்கள்

இன்றைக்குப் பதினேழு சொட்டு. நேற்று பதிமூன்று. காருக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுக் காலையில் எடுத்து எண்ணுகிறேன். பம்பு கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் தரக்கட்டுப்பாட்டில், அதாவது க்யூ.சி.யில், இருந்தவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு மோட்டார் கேட்டைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டு போர்ட்டிகோவில் ஒரு எஞ்சின் எண்ணெய் ஒழுகவிட்டுக்கொண்டு நிற்கிறது. பார்க்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

வண்டி 1968 அம்பாசிடர். மாமனாருடையது. அவர் காலமான பிறகு ஒண்டிப்புதூர் கொட்டகையில் கோழி அடையக் கிடந்தது. போன வருஷம் ரிட்டயர் ஆனதும் நான்தான் கேட்டு வாங்கினேன். முறைப்படி அது என் மனைவி தெய்வானையின் தம்பி வெள்ளிங்கிரிக்குச் சேர வேண்டியது. ‘நீங்க கேட்டு நான் இல்லீன்னு சொல்ல முடியுமுங்ளா மச்சான்’ என்று சாவியைக் கொடுத்துவிட்டான். அவனே மெக்கானிக். பழைய கார்களுக்கென்றே பட்டறை வைத்திருக்கிறான். எஞ்சினை முழுக்கப் பிரித்துக் கட்டியவனும் அவன்தான். ஆகஸ்டில் எஞ்சின் ஏறியது. செப்டம்பர் முழுக்க ஒரு பொட்டு எண்ணெய் கீழே விழவில்லை. போன வாரத்திலிருந்துதான் இந்தக் கூத்து.

டிசம்பர் 15-ஆம் தேதி எங்கள் பழைய கார் சங்கத்தின் ஊர்வலம். எண்ணெய் சொட்டுகிற வண்டியோடு நான் அதில் போகமாட்டேன். நாளை எட்டு மணிக்கு வெள்ளிங்கிரியை வரச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

எட்டு இருபத்தைந்துக்கு வந்தான். குறித்துக்கொண்டேன்.

கோணியை விரித்து அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில்தான் சொட்டுகிறது.

“கிராங்குத் தண்டுக்குப் பின்னாடி இருந்து வருதுங்க மச்சான். இந்த எஞ்சினுக்குப் பின்னால ரப்பர் சீல் கெடையாதுங்க. தண்டுல வெட்டியிருக்கற மரைதான் எண்ணெய உள்ளயே தள்ளி உட்டுட்டு இருக்கும். உள்ள காத்து அடைச்சுதுன்னா அதால தள்ள முடியாது. அந்த பிரீதர் கொழாய ஒருக்கா கழட்டி ஊதிப் பாத்துரட்டுங்ளா?”

“அதெல்லாம் பாத்தாச்சு.”

“செரிங்க.”

பிரீதர் என்றால் எஞ்சின் மூச்சு விடுகிற குழாய். பக்கவாட்டில் கிளம்பி வளைந்து கீழே பார்த்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமையே அதன் வாயைத் துடைத்துப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருந்தது. என்னிடம் வந்து ‘பார்த்தீர்களா’ என்று கேட்கிறான். நான் பார்த்தாச்சு என்றால் பார்த்தாச்சுதான். நல்லவேளை, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே அவன் திரும்பவில்லை.

அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் கேஸ்கெட்டாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். மாற்றினான்.

அக்டோபர் 24, வியாழன்

பத்தொன்பது சொட்டு.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்க எஞ்சினின் அடிப்பக்கத்தைத் துடைத்து முகப்பவுடரைத் தூவினேன். எண்ணெய் வருகிற வழி பவுடரில் கோடு போட்டுக் காட்டிவிடும், கம்பெனியில் சுண்ணாம்புத் தூளில் செய்வோம். டப்பா தீர்ந்துவிட்டது. தெய்வானை, ‘இன்னிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகோணும்னு நேத்தே சொன்னனுங்களே’ என்றாள். ஒரு நாள் பவுடர் இல்லாமல் போனால் மாப்பிள்ளை தாலி கட்டமாட்டானா?

கோடு பின்பக்கமிருந்துதான் வருகிறது. ஆக, கட்டியவன் கைக் கோளாறு.

அக்டோபர் 29, செவ்வாய்

எஞ்சினை இறக்கினார்கள். வெள்ளிங்கிரி பின் பேரிங் மூடியைக் கழற்றி, அளந்து, புதுசு போட்டான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கும்போது, இறுக்கம் அளவாக இருக்க வேண்டுமே என்று, ‘டார்க் ரெஞ்சு போட்டியா’ என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ‘போட்டனுங்க’ என்றான். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. தப்பு தன் பேரில் இருக்கிறவன்தான் இப்படிப் பொறுமையாக இருப்பான்.

அக்டோபர் 31, தீபாவளி

எஞ்சின் நேற்றே ஏறியாகிவிட்டது. பலகாரம் தின்னும் முன்பு போய்ப் பார்த்தேன். பதினெட்டு.

வருஷா வருஷம் போல வெள்ளிங்கிரி அக்காவுக்குச் சேலையும் எனக்கு வேட்டியும் இனிப்பும் தட்டில் வைத்து எடுத்து வந்தான். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ‘தட்டைக் கொண்டு வந்தால் எண்ணெய் நின்றுவிடுமா மெக்கானிக்’ என்று கேட்டேன். எப்போதும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், இன்றைக்கு வாயில் மெக்கானிக் என்று வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தெய்வானை மட்டும் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு நகைச்சுவை கம்மி.

நவம்பர் 6, புதன்

இரண்டாம் தடவை இறக்கி ஏற்றியாயிற்று. இந்தத் தடவை பட்டறைக்கே கொண்டுபோய்விட்டான், இரண்டு நாள் மற்ற வேலையை எல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு இதையே பார்த்தானாம். தண்டையே லேத்தில் ஏற்றிப் பார்த்தானாம். ‘எல்லாம் அளவுல இருக்குதுங்க மச்சான், எனக்குப் புடிபடவே மாட்டேங்குது’ என்கிறான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

இருபத்திரண்டு சொட்டு.

நவம்பர் 8, வெள்ளி

சங்கத்தின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். நூற்றுப்பத்துப் பேர் இருக்கிறார்கள். அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

‘அன்பர்களுக்கு எச்சரிக்கை. ஒண்டிப்புதூர் வெள்ளிங்கிரி பட்டறையில் எஞ்சின் வேலை தரமாக இல்லை. இரண்டு முறை இறக்கியும் எண்ணெய் ஒழுகலை நிறுத்தத் தெரியவில்லை. உறவினர் என்பதற்காக நான் உண்மையை மறைக்க முடியாது. வண்டி விடுவதற்கு முன் யோசிக்கவும். சென்னியப்பன், தரக்கட்டுப்பாட்டு மேலாளர் - ஓய்வு.’

முதல் பதில் சங்கத் தலைவர் டாக்டர் ஜெயசீலனுடையது. அவருடைய கார் ஒன்று மூன்று மாதமாக வெள்ளிங்கிரி பட்டறையில் நிற்கிறது. ‘நல்லவேளை சொன்னீர்கள். உங்கள் சர்டிபிகேட் எங்களுக்குப் போதும்’ என்று போட்டிருக்கிறார். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நவம்பர் 9, சனி

டாக்டர் லாரி அனுப்பித் தன் காரை எடுத்துவிட்டாராம். வேறு இரண்டு பேரும் எடுத்துவிட்டார்களாம்.

தெய்வானை தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். தம்பி மனைவிக்கு இடுப்பு வலி, ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். நாலு நாளில் வந்துவிடுவாள்.

நவம்பர் 10, ஞாயிறு

எந்த டப்பாவில் மிளகாய்த்தூள், எந்த டப்பாவில் மல்லித்தூள் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்ட ஒரு மனுஷிக்கு முப்பத்தொரு வருஷம் போதாதா? கம்பெனியில் ஒரு வாஷர் டப்பாகூடச் சீட்டு இல்லாமல் இருக்காது.

நவம்பர் 13, புதன்

அவிநாசி சாலையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். எல்லாம் பார்த்தாச்சு, பின்பக்கம் மட்டும் பாருங்கள் என்று சொன்னேன். அங்கே தலைமை மெக்கானிக் எஞ்சின் மேல் காதை வைத்துக் கேட்டான், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான்.

“யாருங்க சார் இதக் கட்டுனது?”

“ஏன்?”

“இல்லீங்க, இப்பல்லாம் இவ்வளவு சுத்தமா யாரும் கட்டறதில்லீங்க. சத்தத்தக் கேளுங்க. தையல் மிசினாட்டம் ஓடுது.”

பேரைச் சொல்லவில்லை. எண்ணெய்க்கு என்ன வழி என்று கேட்டேன். பின்பக்கம் கடைந்து வேறு சீல் போட வேண்டும், திரும்ப இறக்க வேண்டும் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நாலு நாள் நேற்றோடு முடிந்தது. இடுப்பு வலி என்றால் சட்டென்று சரியாகாதுதான்.

நவம்பர் 17, ஞாயிறு

தெய்வானை போன் செய்தாள். நான் செய்யவில்லை, அவள்தான் செய்தாள். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருக்குமே, வாங்கினீர்களா என்று கேட்டாள். வாங்கிவிட்டேன் என்றேன். வாங்கவில்லை, நாளை வாங்க வேண்டும்.

எப்போது வருகிறாய் என்று கேட்டேன். அதற்கு நேரான பதில் இல்லை.

“என்ற தம்பி பட்டறையில இன்னிக்கு ஒரு வண்டி இல்லீங்க. காலைல போய்க் கூட்டி உட்டுட்டு சும்மா ஒக்காந்துட்டு வர்றான். திருப்பூர்ல ஒரு சர்வீஸ் சென்டர்ல ஆள் வேணும்னாங்களாம். ஒண்ணாந்தேதி கழிச்சு வர்றேன்னு சொல்லியிருக்கான். அம்பத்திரண்டு வயசுல இன்னொருத்தன்கிட்ட கை கட்டி நிக்கப் போறான்.”

“வேலை சரியாச் செஞ்சிருந்தா எதுக்கு நிக்கறான்?”

“குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு பெரியவங்க சொன்னது உங்களுக்குத் தெரியாதுங்ளா?”

“சுற்றம் பாத்தா பம்பு ஓடாது தெய்வானை.”

பிறகு சொன்னாள். “அப்பச் செரி. நீங்க பம்போட இருங்க. நான் வர மாட்டனுங்க.”

இடுப்பு வலியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. கோபத்தில் போனைச் சோபாவில் எறிந்தேன். தப்பு செய்யாத இடத்தில் தலையைக் குனிய என்னால் முடியாது. அவன் கட்டிய எஞ்சின் ஒழுகுகிறது. ஒழுகுகிறது என்று எழுதினேன். இதில் எந்த வார்த்தை பொய்?

நவம்பர் 20, புதன்

சாப்பாடு மெஸ்ஸில். சாம்பாரில் உப்பு அதிகம். சொன்னேன். ‘நீங்க தெனமும் ஏதாச்சும் சொல்றீங்க சார்’ என்றான் பரிமாறுகிறவன்.

என் பிரிவுபசார விழா ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. ஸ்டோர்ஸில் இருந்த ஒரு ஆள் என்னோடு அதே நாளில் ரிட்டயர் ஆனான். அவனைப் பற்றிப் பதினோரு பேர் பேசினார்கள், இரண்டு பேர் அழுதார்கள். என்னைப் பற்றி எம்.டி. மட்டும் பேசினார். ‘சென்னியப்பன் இருந்தவரை எல்லாரும் பயந்து வேலை செய்தார்கள்’ என்றார். அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு வந்து தெய்வானையிடம் சொன்னேன். அவள் ‘ம்’ என்றாள். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 23, சனி

இன்றைக்கு என் மேலேயே எனக்குக் கோபம். காலையில் எண்ணெய் ஊற்றிவிட்டு மேல் மூடியைப் போட மறந்து வண்டியை எடுத்துவிட்டேன். நீலாம்பூர் வரை போய் வந்து பானட்டைத் திறந்தால் எஞ்சின் தலை முழுக்க எண்ணெய் தெறித்திருக்கிறது. மூடி பேட்டரி மேல் உட்கார்ந்திருக்கிறது. என்னிடம் வேலை பார்த்த ஒருத்தன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பேன்.

துடைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு அடியில் பேப்பரை விரித்தேன். மதியம் எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை.

சாயங்காலம் மூடியைப் போட்டு ஓட்டிவிட்டு வந்தேன். எட்டுச் சொட்டு.

மூடி இல்லாமல் காற்று மேலே வெளியேறினால் கீழே ஒழுகவில்லை. மூடினால் ஒழுகுகிறது. என்ன அர்த்தம் என்று பாலிடெக்னிக் முதல் வருஷத்துப் பையனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

பிரீதர் குழாயைக் கழற்றி ஊதினேன். காற்றுப் போகவில்லை.

கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்து உள்ளே விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். ஒரு முழத் துணி, எண்ணெயில் ஊறி அட்டைப்பூச்சி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

முதலில் யாரோ வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். யார் யாரென்று மூன்று பேரைக்கூட மனசுக்குள் வரிசைப்படுத்திவிட்டேன். அப்புறம் மண்ணெண்ணெயில் அலசினேன். பச்சைக் கரை தெரிந்தது. என் வேட்டி.

ஆயுத பூஜை அன்றைக்குக் காலை எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்காகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். உள்ளே தண்ணீர் போகக் கூடாதென்று பழைய வேட்டியை நான்காகக் கிழித்து நாலு துவாரங்களில் அடைத்தேன். பீய்ச்சுகிற வேகத்தில் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று இதை மட்டும் ஸ்குரூடிரைவரால் நன்றாக உள்ளே குத்தினேன். கழுவி முடித்து மூன்றை எடுத்தேன். அதற்குள் பூசாரி வந்துவிட்டார், சுண்டல் வந்துவிட்டது, நான் கை கழுவிக்கொண்டு பொட்டு வைக்கப் போய்விட்டேன்.

அடைத்தவன் நான். வாயைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் பார்த்தாச்சு என்று சொன்னவனும் நான். அந்தத் துணியைச் சுவரில் அடித்தேன். அது சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்ததுதான்.

நவம்பர் 25, திங்கள்

குழாயை மாட்டி மூடியைப் போட்டு சூலூர் வரை ஓட்டினேன். சொட்டு இல்லை.

இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. குழுவில் எழுதினேன்: ‘என் அம்பாசிடரின் எண்ணெய்ப் பிரச்சினை தீர்ந்தது. தொடர்ந்து ஆராய்ந்து நானே சரிசெய்தேன்.’

பொய் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் நிஜம்.

கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. ‘சார் கை வெச்சா சும்மாவா’ என்றான் ஒருத்தன். டாக்டர் ஜெயசீலன், ‘வெள்ளிங்கிரி இரண்டு தடவை இறக்கியும் முடியாததை நீங்கள் தனி ஆளாகச் செய்துவிட்டீர்கள். என் வண்டியை அங்கிருந்து எடுத்தது எவ்வளவு சரி’ என்று எழுதினார். அதற்கு அறுபத்து மூன்று பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். அந்தக் குழுவில் வெள்ளிங்கிரியும் இருக்கிறான்.

மெஸ்ஸுக்குப் போகவில்லை. பசிக்கவில்லை.

நவம்பர் 27, புதன்

நேற்று முழுக்க அந்தக் கட்டைவிரல்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஒண்டிப்புதூர் போனேன்.

பட்டறை பெருக்கித் துடைத்த மண்டபம் மாதிரி இருந்தது. சுவரில் ஸ்பானர்கள் அளவு வாரியாகத் தொங்கின. வெள்ளிங்கிரி எழுந்து வந்து, ‘வாங்க மச்சான்’ என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உட்காரவில்லை. துணியை எடுத்து அவன் வேலை மேஜை மேல் வைத்தேன்.

“பிரீதர்ல இருந்துச்சு.”

அவன் துணியைத் தொடவில்லை. குனிந்து கரையைப் பார்த்தான்.

“ஆயுத பூசைக்குக் கழுவுனீங்ளா?”

“ஆமா.”

“நான் மொதல் நாளே கேட்டனுங்களே மச்சான்.”

“கேட்டே. நீ ஊதிப் பாத்திருக்க வேண்டியதுதானே. ரெண்டு தடவை எஞ்சின் கீழ இருந்துச்சு. கையெட்டற தூரத்துல கொழா. மெக்கானிக் நீயா நானா?” இந்த நிலைமையிலும் என் குரல் ஏறியது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவனும் குரலை உயர்த்தினான். முப்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

“எப்புடீங்க ஊதறது? நீங்க பாத்தாச்சுன்னு சொல்லிப்போட்டீங்க. அதுக்கு மேல நான் கழட்டி ஊதுனா எங்கக்கா ஊட்டுக்காரர நம்பலீன்னு ஆயிருமுங்களே. வேற எவன் சொல்லியிருந்தாலும் கழட்டியிருப்பனுங்க. ரெண்டாவது தடவ எறக்குனப்ப கை அந்தக் கொழாகிட்ட வரைக்கும் போச்சுங்க. போன கைய எடுத்துக்கிட்டேன். தண்ட லேத்துல ஏத்துனேன். ஒலகத்துல இருக்கறதெல்லாம் பாத்தேன், நீங்க பாத்ததத் தவிர.”

நான் மேஜை மேல் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“திங்கக்கெழம திருப்பூர் போறனுங்க” என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க, அவனே அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. சத்தம் கேட்டுத் தெய்வானை வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. துணியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது, அந்த வேட்டியைத் துவைத்தவள் அவள்தானே. இளைத்திருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“எங்ககிட்டச் சொல்ல வேண்டாமுங்க. ஊருக்குத்தான சொன்னீங்க, ஊருக்கே சொல்லுங்க” என்று உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 28, வியாழன்

குழுவுக்கு எழுதப் பார்த்தேன்.

முதல் தடவை: ‘ஆய்வின்போது பிரீதர் குழாயில் அந்நியப் பொருள் ஒன்று கண்டறியப்பட்டது. எனவே முந்தைய எச்சரிக்கை மறுபரிசீலனைக்கு உரியது.’ ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது. கண்டுபிடித்தவன் உண்டு, அடைத்தவன் இல்லை. கிழித்தேன்.

இரண்டாவது: ‘ஆயுத பூஜை அவசரத்தில், பூசாரி முன்கூட்டியே வந்துவிட்ட காரணத்தால், குழாயில் துணி தங்கிவிட்டது.’ பூசாரி சொன்ன நேரத்துக்குத்தான் வந்தார். கிழித்தேன்.

மூன்றாவது: ‘துணி என்னுடையது என்றாலும், அனுபவமுள்ள மெக்கானிக் அதைக் கவனித்திருக்கலாம்.’ இதை எழுதியபோது சரியாகத்தான் பட்டது. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து படித்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாகிவிட்டது. கிழித்தேன்.

நாலாவது எழுத உட்கார்ந்து பேனாவை மூடிவிட்டேன். ‘நான் தவறு செய்தேன்’ என்று முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு ரிப்போர்ட்டிலும் எழுதியதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே பிடிபடவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

காலை பதினொன்றரைக்கு அனுப்பினேன்:

‘ஆயுத பூஜைக்கு எஞ்சினைக் கழுவும்போது பிரீதர் குழாயில் துணியை அடைத்தவன் நான். எடுக்க மறந்தவன் நான். வெள்ளிங்கிரி முதல் நாளே அதைச் சோதிக்கக் கேட்டார். பார்த்துவிட்டதாகச் சொல்லி அவரைத் தடுத்தவன் நான். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. இருக்கிறது என்று உங்களுக்கெல்லாம் எழுதி அவர் பெயரைக் கெடுத்தவன் நான். திங்களன்று நானே சரிசெய்தேன் என்று எழுதியபோதும் இதை மறைத்தேன். வெள்ளிங்கிரி, என்னை மன்னிக்க வேண்டும். சென்னியப்பன்.’

பதவியைப் போடவில்லை.

பத்து நிமிஷம் போனை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருத்தன் சிரிக்கிற பொம்மை போட்டான். இன்னொருத்தன், ‘க்யூ.சி. சாருக்கே ரிஜெக்டா’ என்றான். உடம்பெல்லாம் எரிந்தது, ஆனால் பதில் போடவில்லை. டாக்டர் ஜெயசீலன் மதியம் ஒற்றை வரி எழுதினார்: ‘வெள்ளிங்கிரி, என் வண்டியை மறுபடி கொண்டு வரலாமா?’

வெள்ளிங்கிரி குழுவில் எதுவும் எழுதவில்லை. சாயங்காலம் எனக்குப் போன் செய்தான். “பாத்தனுங்க மச்சான்” என்றான். திருப்பூர் போகிறாயா என்று கேட்டேன். “யோசிக்கறனுங்க” என்றான். அவ்வளவுதான் பேசினோம்.

நவம்பர் 30, சனி

தெய்வானை போன் செய்தாள்.

“குரூப்புல வந்தத தம்பி காட்டுனான். யாருங்க எழுதிக் குடுத்தது?”

“நான்தான் எழுதினேன்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அப்புறம் ஆரம்பித்தாள்.

கல்யாணமான மூன்றாம் மாதம் அவளுடைய அம்மா வைத்த ரசத்தை ரிஜெக்ட் என்று இலையோரமாகத் தள்ளியது. பொங்கலுக்கு அவள் எடுத்த சேலையில் கரை சமமாக இல்லை என்று ஸ்கேல் வைத்து அளந்து, கடைக்காரன் முன்னால் திருப்பிக் கொடுக்க வைத்தது. மகள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கி வந்தபோது மிச்சம் நாலு எங்கே என்று கேட்டது, அந்தப் பிள்ளை அதற்கப்புறம் மார்க் ஷீட்டை அம்மாவிடம் மட்டும் காட்டியது. கியாஸ் கசிகிற வாடை வருகிறது என்று அவள் சொன்னபோது நான் பார்த்தாச்சு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனது, அவள் வாசலிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது. “நீங்க பாத்தாச்சுன்னு சொன்னப்பறம் நான் ஆளக் கூப்பிட்டா உங்களுக்குக் கோவம் வரும்னு ஒக்காந்திருந்தனுங்க. எங்க தம்பி ஒரு மாசம் பட்டதத்தான் நான் முப்பத்தொரு வருசமாப் பட்டுட்டு இருக்கேன்” என்றாள். எனக்கு இதில் பாதி ஞாபகமே இல்லை. அவள் வருஷம் மாசத்தோடு வைத்திருந்தாள்.

அவள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்டேன். நடுவில் ஒரு இடத்தில் வருஷத்தைத் தப்பாகச் சொன்னாள். அது தொண்ணூற்றெட்டு இல்லை, தொண்ணூற்றேழு. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். இரண்டு தடவை நிறுத்தி, ‘இருக்கீங்ளா?’ என்று கேட்டாள். ‘இருக்கேன், சொல்லு’ என்றேன்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று.

“இன்னும் முடியலீங்க” என்றாள். “போன்ல காது சுடுது. மீதிய நாளைக்கு நேர்ல வந்து சொல்றேன்.”

“வா.”

காலையில் பத்து மணிக்கு வருகிறாள். இருந்துவிடுவதற்கா, சொல்லி முடித்துவிட்டுத் திரும்புவதற்கா என்று நான் கேட்கவில்லை.